முகமூடிக்குள் ஒரு பிள்ளை

கறுப்பு முகமூடி, கறுப்பு அங்கி, இரும்புக் குழாய்க்குள்ளிருந்து வருவது போன்ற மூச்சு. பெயர் சொல்லத் தெரியாத பிள்ளைக்குக்கூட இந்த உருவத்தைத் தெரியும். பள்ளிப் பையிலும் தண்ணீர்ப் போத்தலிலும் பனியனிலும் ஏறிக்கொண்டு அவன் நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டான். டார்த் வேடர் என்பது அவன் பெயர். ‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் விண்வெளிப் படவரிசையின் பெரிய வில்லன்.

வாசகர்களே, அந்த வில்லனுக்கும் ஒரு தாய் இருந்தாள் என்பதையும், அவன் 9 வயதில் அவளைப் பிரிந்தான் என்பதையும் சொல்லும் படம் ஒன்று உண்டு. 1999-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி ஃபாண்டம் மெனஸ்’ என்ற படம் அது. உருத் தெரியாத ஆபத்து என்று தமிழில் சொல்லலாம். வெளிவந்த நாளிலிருந்து அதைக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் சொன்னவற்றில் நியாயமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால், கேலிக்காரர்கள் கண்ணில் படாத ஒரு வீடு அந்தப் படத்தில் இருக்கிறது. அந்த வீட்டைப் பற்றிப் பேசவே இந்தக் கட்டுரை.

முதலில் படவரிசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். ஜார்ஜ் லூகாஸ் என்ற அமெரிக்க இயக்குநர் 1977-இல் முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை எடுத்தார். லூக் என்ற பாலைவனத்துப் பையன் வானத்துக் கொடுங்கோலரசை எதிர்த்துப் போராடும் கதை அது. அந்த அரசின் தளபதிதான் வேடர். உடுப்புக்குள் இருந்து நடித்தவர் டேவிட் பிரௌஸ் என்ற ஆங்கிலேயர்; குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்ற அமெரிக்க நடிகர். உடல் ஒருவருக்கு, குரல் ஒருவருக்கு! 1980-இல் வந்த இரண்டாம் படத்தில், லூக்கின் கையை வெட்டிய பிறகு, நான்தான் உன் தகப்பன் என்கிறான் வேடர். உலகமெங்கும் கொட்டகைகள் திகைத்துப் போயின. 1983-இல் வந்த மூன்றாம் படத்தில், மகன் துடித்துச் சாகப் போகும் வேளையில் தகப்பன் மனம் திரும்பிப் பேரரசனைத் தூக்கிப் பாதாளத்தில் எறிந்துவிட்டுத் தானும் மாள்கிறான். கதை அத்துடன் முடிந்தது.

முடிந்த கதைக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து முன்கதை வந்தது. இப்படிப்பட்ட தகப்பன் எப்படி இப்படி ஆனான்? பிறக்கும்போதே முகமூடியுடன் பிறந்தானா?

முடிவு தெரிந்த கதையை எவன் காசு கொடுத்துப் பார்ப்பான் என்று சிலர் கேட்பார்கள். நாம் அப்படிக் கேட்கமாட்டோம். சக்கர வியூகத்துக்குள் போகும் அபிமன்யு திரும்பமாட்டான் என்று தெரிந்துதான் நம் பாட்டன்மார் விடிய விடியக் கூத்துப் பார்த்தார்கள். தெரிந்தே பார்ப்பதில் ஒரு வேதனை இருக்கிறது. சிரித்து விளையாடும் பிள்ளையைப் பார்க்கும்போது, ‘ஐயோ, இவனா அவன்?’ என்று நெஞ்சு கேட்டுக்கொண்டே இருக்கும். முன்கதைப் படத்தின் பலமே அதுதான்.

லூகாஸ் 1994-இல் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தார். அதற்கு முந்திய ஆண்டு ‘ஜுராசிக் பார்க்’ படத்துக்காக அவருடைய கம்பெனியார் கணினியில் டைனோசர்களை உயிரோடு நடமாட விட்டிருந்தனர். தம் மனத்தில் இருக்கும் உலகங்களை இனிமேல் படமாக்க முடியும் என்ற துணிவு அவருக்கு அதில் பிறந்தது. 1977-க்குப் பிறகு எந்தப் படத்தையும் தாமே இயக்காமல் இருந்தவர், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து இந்தப் படத்துக்காகத் திரும்பி வந்தார்.

எழுதும்போது அவர் செய்த ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். பையனுக்கு முதலில் அவர் வைத்திருந்த வயது 12. பிறகு அதை 9 ஆகக் குறைத்தார். பன்னிரண்டு வயதுப் பையன் தாயைப் பிரிந்தால் எப்படியோ தாங்கிக்கொள்வான். ஒன்பது வயதில் பிரிந்தால் அந்தக் காயம் ஆறாது என்பது அவர் கணக்கு. நம் பள்ளிகளில் மூன்றாம் ஆண்டில் உட்கார்ந்திருக்கும் வயது அது. அந்த வயதுப் பிள்ளை, புத்தகப் பையைத் தானே தூக்க வேண்டும் என்று அடம் பிடிக்கும். இரவில் அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் தூங்காது. வருடா வருடம் அந்த வயதுப் பிள்ளைகளோடு பழகுகிறவன் என்ற முறையில், லூகாஸின் கணக்கு சரி என்றே எனக்குப் படுகிறது.

கதைக்கு வருவோம். நபூ என்ற பசுமையான கிரகத்தை வணிகக் கூட்டத்தார் தம் கப்பல்களால் சூழ்ந்துகொள்கின்றனர். வாணிகப் பாதைகளுக்கு வரி போட்டதில் வந்த தகராறு. சமாதானம் பேசக் குவை-கான் என்ற ஜெடாய் வீரரும் அவருடைய சீடன் ஓபி-வானும் போகின்றனர். ஜெடாய் என்பவர்கள் துறவியும் வீரனும் கலந்த ஒரு கூட்டத்தார். ஒளிவாள் ஏந்தி நியாயத்தைக் காப்பவர்கள். பேச்சு முறிகிறது. நபூவின் ராணி அமிதலாவை மீட்டுக்கொண்டு அவர்கள் தப்பி ஓடுகின்றனர். ராணிக்கு வயது 14! கப்பல் அடிபட்டு, டாட்டூயின் என்ற பாலைவனக் கிரகத்தில் இறங்க நேரிடுகிறது.

இந்த டாட்டூயின் என்ற பெயர் வட ஆப்பிரிக்காவில் துனிசியா நாட்டிலுள்ள டாட்டாவின் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது. 1977 படத்தின் பாலைவனக் காட்சிகளையும் அந்த நாட்டில்தான் எடுத்தார்கள். முன்கதைக்காக 1997-இல் மீண்டும் அங்கே போனபோது, தோசூர் என்ற ஊருக்குப் பக்கத்தில் போட்டிருந்த செட்டுகளை ஒரே இரவில் புயல் பிய்த்து எறிந்துவிட்டது. முதல் படத்தின்போதும் அங்கே புயல் அடித்ததாம். நல்ல சகுனம் என்று சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

கப்பலுக்கு ஓர் உதிரிப் பாகம் வேண்டும். அது வாட்டோ என்ற பழைய இரும்புக் கடைக்காரனிடம் இருக்கிறது. தும்பிக்கை போல் மூக்கு, கொசுவுக்கு இருப்பது போல் சிறகு. பறந்துகொண்டே வியாபாரம் பேசுகிறான். குவை-கான் கையில் இருக்கும் குடியரசுப் பணம் அங்கே செல்லாது. அந்தக் கடையில்தான் பையனைப் பார்க்கிறோம். அனாக்கின் என்பது அவன் பெயர். துடிப்பான பையன், எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பூட்டுவான். ராணி, பணிப்பெண்ணின் உடையில் பத்மே என்ற பெயரோடு கூட வந்திருக்கிறாள். (அந்தப் பெயர் நம் காதுக்கு அந்நியமாகவா இருக்கிறது?) நீ தேவதையா என்று அவளைப் பார்த்துப் பையன் கேட்கிறான். அவளோ பேச்சுவாக்கில், நீ அடிமையா என்று கேட்டுவிடுகிறாள். பையனுக்குச் சுருக்கென்கிறது. நான் ஒரு மனிதன், எனக்குப் பெயர் இருக்கிறது என்கிறான்.

அந்த ஒரு பதிலுக்காகவே இந்தப் படத்தை நான் மறுபடியும் பார்ப்பேன்.

மணற்புயல் எழும்புகிறது. வழிப்போக்கர்களைப் பையன் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறான். இதுதான் நான் சொன்ன வீடு. மண் சுவர், வளைந்த கூரை, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். துனிசியாவின் தென்பகுதியில் பழங்காலத்தவர் தானியம் சேமித்து வைக்கக் கட்டிய களஞ்சிய அறைகளையே அடிமைகளின் குடியிருப்பாகக் காட்டியிருக்கிறார்கள். அந்த வரிசையைத் திரையில் பார்த்தால் நம்மவர்களுக்கு லயத்து ஞாபகம் வராமல் போகாது. ஒரு வாசலில் நின்று கூப்பிட்டால் அடுத்த வாசலில் எட்டிப் பார்ப்பார்கள், அப்படிப்பட்ட இடம்.

பையனின் தாய் ஷ்மி அங்கே இருக்கிறாள். அவளும் அடிமை. முன்பின் தெரியாத நான்கைந்து பேரை மகன் திடீரென்று வீட்டுக்குக் கூட்டி வருகிறான். அவள் முகம் சுளிக்கவில்லை. இருப்பதைப் பகிர்ந்து சோறு போடுகிறாள். இந்தத் தாயாக நடித்த பெர்னில்லா ஆகஸ்ட் சுவீடன் நாட்டு நடிகை. 1992-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றவர். பெரிய வசனம் எதுவும் அவருக்கு இல்லை. ஆனால், ஒட்டகம் போல் சுமை தாங்கிப் பழகிய ஒரு முகத்தை அவர் காட்டுகிறார் பாருங்கள், அதுவே போதும்.

சாப்பாட்டு மேசையில் நடக்கும் பேச்சைப் பெரியவர்கள் கவனித்துக் கேட்க வேண்டும். அடிமைகளின் உடலுக்குள் ஒரு கருவி வைக்கப்பட்டிருக்கிறது. தப்பி ஓடினால் அது வெடித்துவிடும் என்று பையன் சர்வ சாதாரணமாகச் சொல்கிறான். பத்மே அதிர்ந்து போகிறாள். குடியரசில்தான் அடிமைத்தனத்துக்கு எதிராகச் சட்டம் இருக்கிறதே என்கிறாள். அந்தக் குடியரசு இங்கே இல்லையம்மா என்று தாய் அமைதியாகச் சொல்கிறாள். சட்டம் எழுதியிருப்பது வேறு, அது வந்து சேருவது வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பையன் ஜெடாயின் இடுப்பில் இருந்த ஒளிவாளை முன்பே பார்த்துவிட்டான். தான் ஜெடாய் ஆகித் திரும்பி வந்து எல்லா அடிமைகளையும் விடுவிப்பது போல் கனவு கண்டதாகச் சொல்லிவிட்டு, எங்களை விடுவிக்கத்தான் வந்தீர்களா என்று கேட்கிறான். இல்லை என்கிறார் குவை-கான். பொய் சொல்லவில்லை, அதற்காக அவரை மெச்சலாம். ஆனால், அந்த ‘இல்லை’ என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். பிறகு நடப்பவை எல்லாம் அதிலிருந்தே முளைக்கின்றன.

பணத்துக்கு வழியில்லாத விருந்தாளிகளுக்கு உதவ, தான் பந்தயத்தில் ஓடுவதாகப் பையன் சொல்கிறான். தாய்க்கு மனமில்லை, உயிரைக் குடிக்கும் பந்தயம் அது. ஒருவருக்கொருவர் உதவாததுதான் உலகத்தின் பெரிய குறை என்று நீதானே அம்மா சொல்வாய் என்று அவளுடைய சொல்லையே அவளிடம் திருப்பிக் கொடுக்கிறான் மகன். நாம் சொல்லிக் கொடுத்ததை நம் பிள்ளையே நம்மிடம் சொல்லும்போது மறுத்துப் பேச முடியுமா? அவள் சம்மதிக்கிறாள்.

பிறகு நடப்பது பேரம். பந்தயத்தில் ஜெயித்தால் உதிரிப் பாகம் கிடைக்கும். குவை-கான் அதோடு நிற்கவில்லை. தாயையும் மகனையும் சேர்த்துக் கேட்கிறார். ஒரு பந்தய வண்டிக்கு இரண்டு அடிமைகள் கட்டுப்படி ஆகாது என்கிறான் வாட்டோ. பிறகு ஒரு பகடையை எடுக்கிறான். நீலம் விழுந்தால் மகன். சிவப்பு விழுந்தால் தாய். குவை-கான் தம் மந்திர ஆற்றலால் கையை லேசாக அசைக்கிறார். பகடை நீலத்தில் நிற்கிறது.

வாட்டோ ஏமாற்றப்பட்டான் என்று பிள்ளைகள் கைதட்டுவார்கள். கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் இருந்த இருவரில் யார் விடுதலை ஆக வேண்டும் என்பதை அவர்களைக் கேட்காமல் ஒரு நல்லவர் விரல் அசைத்துத் தீர்மானித்துவிட்டார். அவருக்கு வேண்டியவன் பையன். தாயின் தலையெழுத்து அந்தப் பகடையில் புரண்டு போனது.

பந்தயம் பிரமாதம். அதைச் சொல்லாமல் போனால் பிள்ளைகள் என்னை மன்னிக்கமாட்டார்கள். இரண்டு பெரிய விமான எஞ்சின்களைக் கயிற்றில் கட்டி, பின்னால் ஒரு சின்னத் தொட்டியில் ஓட்டுபவன் உட்கார்ந்து பறக்கிறான். ரேக்ளா வண்டிக்கு மாட்டுக்குப் பதில் மின்னலைப் பூட்டியது போல் இருக்கும். 1959-இல் வந்த ‘பென்-ஹர்’ படத்தின் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் வேர் எங்கே என்று புரியும். அரங்கில் நிறைந்திருக்கும் கூட்டத்தை எப்படிக் காட்டினார்கள் தெரியுமா? சிறிய மாதிரி அரங்கு ஒன்று செய்து, காது சுத்தம் செய்யும் பஞ்சுக் குச்சிகளுக்குச் சாயம் பூசி லட்சக்கணக்கில் நட்டு வைத்தார்கள். கீழிருந்து காற்று அடித்து அவற்றை ஆட வைத்தால் தூரத்தில் ஜனங்கள் ஆரவாரிப்பது போலவே இருக்கும். நபூ நகரத்தின் நீர்வீழ்ச்சிகளும் அப்படித்தான். மேலிருந்து உப்பைக் கொட்டிப் படம் பிடித்தார்கள். ராணியின் அரண்மனை மட்டும் நிஜம். இத்தாலியில் கசெர்ட்டா என்ற ஊரில் உள்ள 18-ஆம் நூற்றாண்டு அரண்மனை அது.

பையன் ஜெயிக்கிறான். அம்மாவும் வருகிறாள் என்றே நினைத்துக்கொண்டு துள்ளுகிறான். அவள் வரவில்லை என்று தெரிந்ததும் முகம் விழுந்துவிடுகிறது. மூட்டை கட்டுகிறான், அம்மாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று தான் செய்த இயந்திர மனிதனை அவளிடமே விட்டுவிட்டு வாசலைத் தாண்டுகிறான். நாலு எட்டு வைத்தவன் திரும்பி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொள்கிறான். மறுபடியும் உன்னைப் பார்ப்பேனா என்று கேட்கிறான். உன் மனம் என்ன சொல்கிறது என்று அவள் கேட்கிறாள். நான் திரும்பி வந்து உன்னை மீட்பேன் என்று சத்தியம் செய்கிறான். தைரியமாகப் போ, திரும்பிப் பார்க்காதே என்று சொல்லி அவனை அனுப்புகிறாள். அவன் திரும்பிப் பார்க்காமல் போகிறான். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளையைத் தூரத்து விடுதிக்குப் படிக்க அனுப்பிவிட்டு, பஸ் வளைவில் மறையும்வரை நின்ற தாய்மார் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. படிப்புக்காகப் போன பிள்ளை விடுமுறைக்கு வரும், கடிதம் எழுதும், இப்போதெல்லாம் போனில் முகம் காட்டிப் பேசும். அனாக்கினுக்கு அதுவும் கிடையாது. ஜெடாய் ஆனவன் பழைய பந்தங்களை விட்டுவிட வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் விதி.

கர்ணன் கதை தெரிந்தவர்கள் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிப்பார்கள். குந்தி பிள்ளையை ஆற்றில் விட்டாள். ஷ்மி தான் சேற்றில் நின்றுகொண்டு பிள்ளையைக் கரையேற்றினாள். அவள்மேல் குற்றமில்லை.

அடுத்து ஜெடாய்களின் சபை. வயது முதிர்ந்த குட்டையான யோடா பையனைப் பரிசோதிக்கிறார். அம்மாவை நினைக்கிறாயா, பயமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பயம் கோபமாகும், கோபம் வெறுப்பாகும், வெறுப்பு துன்பத்தில் கொண்டு விடும் என்று உபதேசம் செய்கிறார். உபதேசம் சரி. ஆனால், ஒன்பது வயதுப் பிள்ளை தாயை நினைத்துப் பயந்தால், அந்தப் பயத்துக்கு மருந்து உபதேசமா? தாயை மீட்டு வர ஓர் ஆளை அனுப்பக் கூடாதா? பெரிய கோயில் போல் மாளிகை, ஆயிரமாயிரம் வீரர்கள், கப்பல்கள். ராணியோ ஒரு கிரகத்துக்கே சொந்தக்காரி. அந்த அடிமை வீட்டில் சோறு சாப்பிட்டவள். படத்தின் கடைசியில் வணிகக் கூட்டம் தோற்று ஓடுகிறது. அதன் பெரிய கப்பலைத் தகர்த்தவனே இந்தப் பையன்தான். ஊர்வலம், மேளதாளம், பூமாரி எல்லாம் நடக்கின்றன. ஷ்மியின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

படத்தின் தலைப்பு அங்கிக்குள் முகம் மறைத்த தீயவனைக் குறிக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். பாலைவனத்தில் தீர்க்காமல் விட்ட கடனே அந்த உருத் தெரியாத ஆபத்து என்பது என் எண்ணம்.

இனிக் கேலிக்காரர்கள் சொன்னதற்கு வருகிறேன். 1998 நவம்பரில் இந்தப் படத்தின் முன்னோட்டத்தைப் பார்ப்பதற்காகவே வேறு படத்துக்கு டிக்கெட் வாங்கி, முன்னோட்டம் முடிந்ததும் எழுந்து போனவர்கள் அமெரிக்காவில் உண்டு. கொட்டகை வாசலில் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். அவ்வளவு ஆசையோடு வந்தவர்களுக்குச் செனட் சபைப் பேச்சும் வரித் தகராறும் சலிப்பூட்டின. அது நியாயமே. சபைக் காட்சிகளில் எனக்கும் கொட்டாவி வந்தது. இன்னொரு குறையை அவர்களைவிட நான் பெரிதாக எண்ணுகிறேன். பையனின் இரத்தத்தை எடுத்துப் பரிசோதித்து, அதிலுள்ள நுண்ணுயிர்களின் கணக்கைப் பார்த்து, இவன் மகா வீரன் ஆவான் என்று சொல்கிறார்கள். பழைய படங்களிலும் ஆற்றல் குடும்பவழி வருவதாக ஒரு பேச்சு உண்டு. ஆனால், அதை ஊசி குத்தி எண்ணிப் பார்க்கவில்லை. லூக் சதுப்பு நிலத்தில் தலைகீழாக நின்று பயிற்சி செய்து கற்றான். இரத்தத்தில் இருந்தால்தான் வரும் என்றால், பால்மரத்தடியிலிருந்து வந்து படித்து முன்னேறியவர்கள் எல்லாம் எந்த இரத்தத்தால் முன்னேறினார்கள்? வாத்தியார்களுக்குத்தான் அப்புறம் என்ன வேலை?

ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளிப் பாத்திரத்தின் மீதுதான் அதிகமான கல்லடி. நீண்ட காது, தடுமாறும் நடை, கொச்சைப் பேச்சு. அந்தப் பேச்சு கரீபியன் தீவுகளின் கறுப்பர்களைக் கிண்டல் செய்கிறது என்று பலர் கண்டித்தார்கள். வணிகக் கூட்டத்தாரின் பேச்சையும் வாட்டோவின் மூக்கையும் பற்றியும் இதே போன்ற கண்டனம் எழுந்தது. நம் பேச்சையும் நடையையும் சினிமாவில் கோமாளித்தனமாக்கிச் சிரித்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தால், அந்தக் கண்டனத்தைத் தள்ள முடியாது. எழுதியவரும் இயக்கியவரும் பதில் சொல்ல வேண்டிய குறை அது.

ஆனால், அடி விழுந்தது யார் மேல்? ஜார் ஜாராக நடித்த அகமது பெஸ்ட் என்ற கறுப்பின இளைஞர் மேல். ‘ஸ்டாம்ப்’ என்ற மேடை நிகழ்ச்சியில் தாளம் தட்டி ஆடிக்கொண்டிருந்தவர் அவர். அவருடைய உடல் அசைவையும் குரலையும் வைத்துக் கணினியில் ஜார் ஜாரை உருவாக்கினார்கள். முக்கியமான ஒரு பாத்திரத்தை முழுக்க முழுக்கக் கணினியில் படைத்து மனிதர்களோடு நடிக்க விட்ட முன்னோடி முயற்சி அது. வந்த வசைகளைத் தாங்க முடியாமல் அந்தக் காலத்தில் உயிரை விட்டுவிடலாமா என்று பாலத்தின் மேல் போய் நின்றதாக 2018-இல் அவரே தம் மகனோடு இருக்கும் படத்தைப் போட்டு வெளிப்படுத்தினார். 2023-இல் அதே ஸ்டார் வார்ஸ் உலகத்தில் ‘தி மாண்டலோரியன்’ தொடரில் ஒரு ஜெடாய் வீரராகத் தோன்றி, ஒரு குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டு ஓடினார். முன்பு ஏசிய ரசிகர் கூட்டம் அப்போது அவரைக் கொண்டாடியது.

அனாக்கினாக நடித்த ஜேக் லாய்டுக்கு அப்போது பள்ளி வயது. பத்திரிகைகள் அவருடைய நடிப்பைக் கிழித்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒளிவாள் சத்தம் போட்டுக் கேலி செய்து தம் வாழ்க்கையை நரகமாக்கினார்கள் என்று பின்னாளில் அவர் பேட்டியில் சொன்னார். 2001-க்குப் பிறகு நடிப்பை விட்டுவிட்டார். ஒரு படம் பிடிக்கவில்லை என்றால் இயக்குநரைத் திட்டுங்கள். குழந்தையை ஏன் திட்டுகிறீர்கள்? பட்டப்பெயர் வைத்துப் பிள்ளையை அழவைப்பதை விளையாட்டு என்று சொல்லும் பழக்கம் நம் பள்ளிகளிலும் இல்லாமல் இல்லை.

வசை ஒரு பக்கம் இருக்க, வசூல் மழையாகக் கொட்டியது. சுமார் 115 மில்லியன் அமெரிக்க டாலர் செலவில் எடுத்த படம், முதல் சுற்றிலேயே 900 மில்லியனைத் தாண்டியது. 2012-இல் முப்பரிமாணப் படமாக மீண்டும் வந்தபோது மொத்த வசூல் ஆயிரம் மில்லியனைக் கடந்தது. 2024-இல், 25 ஆண்டு நிறைவுக்காக மறுபடியும் கொட்டகைகளுக்கு வந்தது. சிறு வயதில் இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் தம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஜான் வில்லியம்ஸின் இசையைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசியில் மூன்று பேர் ஒளிவாளால் மோதும்போது பெரிய கோஷ்டி ஒன்று உச்ச குரலில் பாடும். அது சமஸ்கிருதம்! வேல்ஸ் நாட்டுப் பழம்பாடல் ஒன்றின் சில அடிகளைச் சமஸ்கிருதத்தில் பெயர்த்து, பொருளைவிட ஓசையைப் பார்த்து அசைகளைக் கோத்திருக்கிறார். நம் ஊர்க் குருக்களுக்கும் ஒரு சொல் பிடிபடாது. ஆனாலும் கேட்கும்போது மயிர்க்கூச்செறியும்.

கடனைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அது 2002-இல் வந்த அடுத்த படத்தில் திரும்பி வருகிறது. பத்தாண்டு கழிந்து, அனாக்கின் வாலிபனாகிவிட்டான். அம்மா துன்பப்படுவதாக இரவு தோறும் கனவு காண்கிறான். கடைசியில் தடையை மீறி டாட்டூயினுக்கு ஓடுகிறான். அவளை விடுவித்தவர் யார் தெரியுமா? ஜெடாயும் அல்ல, ராணியும் அல்ல. காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து பிழைக்கும் லார்ஸ் என்ற ஓர் ஏழைக் குடியானவர். அவளை வாங்கி விடுதலை கொடுத்து மணந்துகொண்டிருக்கிறார். மகன் போய்ச் சேர்வதற்குள் பாலைவனக் கொள்ளையர் அவளைத் தூக்கிப் போய்விட்டனர். தேடிக் கண்டுபிடித்த மகனின் கையிலேயே அவள் உயிர் பிரிகிறது. அவன் எழுந்து போய் அந்தக் கூடாரத்திலிருந்த ஆண், பெண், குழந்தை ஒருவரையும் விடாமல் வெட்டிச் சாய்க்கிறான். முகமூடி இன்னும் வரவில்லை, வேடர் வந்துவிட்டான்.

தாய் போனாள், இனி மனைவியையும் இழப்பேனோ என்ற பயம் 2005-இல் வந்த படத்தில் அவனை முழுவதுமாக விழுங்குகிறது. அவளைச் சாவிலிருந்து காக்கும் வித்தை என்னிடம் உண்டு என்று ஆசை காட்டிய கொடியவனுக்கு அவன் அடிமை ஆகிறான். அடிமை வீட்டிலிருந்து விடுதலை ஆன பையன்! நெருப்பு ஆற்றங்கரையில் கருகி, மூச்சு விடுவதற்கே இயந்திரம் வேண்டும் என்ற நிலையில் அந்தக் கறுப்பு உடுப்புக்குள் அடைக்கப்படுகிறான்.

அவன் செய்த கொலைகளுக்கு இதெல்லாம் சமாதானம் ஆகாது. ஷ்மிக்கும் அடிமைத்தனம் இருந்தது. அவள் யாரையும் வெட்டவில்லை. அவன் பழியை அவன்தான் சுமக்க வேண்டும். ஆனால், முன்கதையைப் பார்த்துவிட்டு 1983 படத்தின் முடிவைப் பாருங்கள். லூக் கீழே கிடந்து அப்பா என்று கதறுகிறான். வேடர் மகனைப் பார்க்கிறான், பேரரசனைப் பார்க்கிறான், மறுபடியும் மகனைப் பார்க்கிறான். உதவி கேட்டு ஒரு பிள்ளை எழுப்பும் குரலுக்கு இந்த முறை ‘இல்லை’ என்ற பதில் வரவில்லை. 1983-இல் முகமூடியை மட்டுமே பார்த்த இடத்தில், இப்போது ஒரு மூன்றாம் ஆண்டுப் பையனும் நிற்கிறான்.

வீட்டில் பிள்ளைகளோடு பார்ப்பதானால் எந்தப் படத்தை முதலில் போடுவது என்று கேட்பீர்கள். கதை வரிசைப்படி இது முதல் படம். எடுத்த வரிசைப்படி நான்காவது. எடுத்த வரிசையிலேயே பாருங்கள். 1977, 1980, 1983 படங்களைப் பார்த்து, வேடரைக் கண்டு பிள்ளைகள் நன்றாகப் பயந்து முடித்த பிறகு இதைப் போடுங்கள். முதலில் இதைக் காட்டிவிட்டால், தகப்பன் யார் என்ற ரகசியம் வீணாகிவிடும். 2002, 2005 படங்களில் கொலைகளும் தீக்காயமும் வருவதால் சின்னவர்கள் கொஞ்சம் வளரட்டும்.

படம் இரண்டே கால் மணி நேரம் ஓடும். மறுநாள் பள்ளி இருந்தால் இரவில் ஆரம்பிக்காதீர்கள். முதல் அரைமணி நேரம் வரிப் பேச்சும் கப்பல் சண்டையும்தான். சின்னவர்கள் எழுந்து விளையாடப் போனால் விட்டுவிடுங்கள். கப்பல் பாலைவனத்தில் இறங்கும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம்.